ஒல்லாந்தக் கும்பினியும் மூன்று நாடுகளும்

முன்னுரை

வாணிகரையும் அவர்தம் கூட்டங்களையும் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. சாத்து, நிகமம், கணம், நகரம், மணிக்கிராமம், ஐஞ்ஞூற்றுவர் எனக் கல்வெட்டுகளிலும் இலக்கியங்களிலும் பயிலும் பெயர்கள் பல. இத்துணைச் சொற்கள் இருந்தும், ஐரோப்பிய வாணிகர் வந்தபோது தமிழ் மக்கள் அவற்றுள் ஒன்றையேனும் அவர்களுக்குச் சூட்டினாரில்லை. ‘கும்பினி’ என்னும் அயற்சொல்லையே ஏற்றுக்கொண்டனர். ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியிலிருந்து எழுதிய நாட்குறிப்பில் இச்சொல் பலகாலும் வருகிறது. கதைப்பாடல்களிலும் அது குறைவின்றிப் பயில்கிறது. பொருள் புதிதாயின் சொல்லும் புதிதாதல் மொழியின் இயல்பு. தம் முன்னோர் அறிந்த வாணிகக் குழுவன்று இது என்பதனை மக்கள் உணர்ந்திருந்தனர் என்றே யாம் கருதுகின்றோம்.

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. மக்கள் ‘கும்பினி’ என்றதனோடு அமையாது ‘கும்பினியார்’ என்றும் வழங்கினர். உயிரும் உடலும் இல்லாத ஒன்றற்கு உயர்திணைப் பலர்பால் ஈறு கிடைத்தது. ஆயின், அந்தக் கும்பினியார் யாவர்? கோட்டையில் இருந்த அதிகாரியா, கப்பலோட்டிய மாலுமியா, எங்கோ ஒரு நகரிற் பங்கு வாங்கிய செல்வரா? துணி நெய்து கொடுத்த கைக்கோளர்க்கு இவ்வினாவின் விடை தெரிந்திருக்க வழியில்லை. பிற நாட்டினர்க்கும் அவ்வாறே. ஒருவர்க்கும் முழுமையாகப் புலப்படாத இவ்வமைப்பு எவ்வாறு இயங்கிற்று, தான் தொட்ட நாடுகளில் என்ன விளைவித்தது என்பதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக யாம் கொள்வது 1602 முதல் 1799 வரை நிலவிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினி. ஆங்கிலக் கும்பினியை விடுத்து இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஆங்கிலக் கும்பினி நம் நாட்டில் அரசாகவே மாறிவிட்டமையின், அதன் வாணிக இயல்பினை ஆட்சி வரலாறு மறைத்து நிற்கிறது. ஒல்லாந்தரோ நம் கரையில் இறுதிவரை பெரும்பாலும் வாணிகராகவே இருந்தனர். ஆதலின் பன்னாட்டு வாணிக நிறுவனம் என்னும் பொருளின் இயல்பு அவர்பால் தெளிவாகத் தோன்றுகிறது.

1. அமைப்பு

கடல் கடந்து வாணிகம் செய்தல் தமிழர்க்குப் புதிதன்று. தாய்லாந்திலுள்ள தகுவாபாவிற் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தாரைக் குறிக்கிறது. சுமத்திராவில் பாருசுக்கு அருகே லோபு துவாவிற் கிடைத்த கல்வெட்டு, சகம் 1010, அஃதாவது கி.பி. 1088ஆம் ஆண்டினது, அது திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவரைக் கூறுகிறது. இக்குழுவினர் தமக்கெனக் காவற்படை வைத்திருந்தனர், எறிவீரப்பட்டினங்கள் அமைத்தனர், கோயிலுக்கும் குளத்திற்கும் தம்முள் மகமை தண்டினர். எனினும் அவருள் ஒவ்வொரு வணிகனும் தன் முதலைத் தானே வைத்துத் தானே ஆண்டான். பெயரும் காவலும் அறமும் பொது, பணம் தனி. ஓரிடத்தில் அமர்ந்து எல்லார் முதலையும் ஒருங்கே ஆளும் தலைமைக் குழு அவர்களுக்கு இருந்தமைக்குச் சான்று இல்லை.

ஒல்லாந்தக் கும்பினியில் இம்முறை தலைகீழாயிற்று. 1602 மார்ச்சு 20ஆம் நாள் நெதர்லாந்தின் பேரவை அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கியது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே வாணிகம் செய்யும் தனியுரிமை 21 ஆண்டுகளுக்கு அதற்கே உரியதாயிற்று. அரசர்களோடு உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும், படை வைக்கவும், ஆளுநரை அமர்த்தவும் அது உரிமை பெற்றது. அரசுக்குரிய வினைகள் இவ்வாறு வாணிகர் கைக்கு வந்தன.

தொடக்க முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். ஆம்ஸ்டர்டாம், சீலாந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹைசன் என்னும் ஆறு மன்றங்கள் அதனைத் திரட்டின. பாதிக்கு மேற்பட்டது ஆம்ஸ்டர்டாமின் பங்கு. அந்நகரில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்கு கொண்டனர். பெருவணிகரும் அவருள் இருந்தனர். இயக்குநர் ஒருவர் வீட்டுப் பணிப்பெண்ணும் நூறு கில்டர் கொடுத்துப் பங்குகொண்டாள். ஆறு மன்றங்களின் சார்பாளராகிய பதினேழ்வர் கூடித் தலைமைக் குழுவாயினர். அவருள் எண்மர் ஆம்ஸ்டர்டாமினர், நால்வர் சீலாந்தினர், ஏனைய நான்கு மன்றங்களுக்கும் ஒவ்வொருவர், பதினேழாம் இடம் ஆம்ஸ்டர்டாம் ஒழிந்த மன்றங்களுக்கு முறைவைத்து வழங்கப்பட்டது. ஒரு நகரின் செல்வம் மேலோங்கினும் அதன் வாக்கு மட்டும் பாதியை எய்தாதவாறு அமைந்த முறை இது.

பங்கு கொண்டவர்க்குத் தம் பணத்தைக் கும்பினியிடமிருந்து திரும்பப் பெறும் வழி நாளடைவில் அடைபட்டது. பத்தாண்டு கழிந்ததும் கணக்குக் காட்டிப் பணத்தைத் திருப்ப வேண்டும் என்னும் ஏற்பாடு 1612இல் நிறைவேற்றப்படவில்லை. பணம் வேண்டுவோர் தம் பங்கினைச் சந்தையிற் பிறர்க்கு விற்றுக்கொள்வதே எஞ்சிய வழி. எனவே பங்குடையார் மாறினர். முதல் மாறாது நின்றது. மாந்தர் இறப்பினும் தான் இறவாத ஓர் அமைப்பு இவ்வாறு தோன்றியது. ஐஞ்ஞூற்றுவர்க்கும் கும்பினியார்க்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இதுவே என்பது எம் கருத்து.

ஆசியாவில் அதன் தலைமையிடம் சாவகத் தீவிலுள்ள பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. ஜயகர்த்தா என்னும் பழைய ஊரை அழித்து யான் பீட்டர்சூன் கூன் என்பவர் 1619இல் அதனை நிறுவினார். அங்குத் தலைமை ஆளுநரும் அவர் அவையும் இருந்தனர். ஆம்ஸ்டர்டாமிலிருந்து பத்தாவியாவுக்கு மடல் சென்று சேரப் பல திங்கள் ஆகும். மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும். ஆதலின் ஆணை ஐரோப்பாவிற் பிறப்பினும், அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதனைப் பத்தாவியாவே முடிவுசெய்தது. ஆண்டுதோறும் பதினேழ்வர் தமக்கு வேண்டும் சரக்குகளின் பட்டியலை அனுப்புவர். பத்தாவியா அதனைப் பகுத்துக் கரைதோறும் அனுப்பும். ஒவ்வொரு கரையிலிருந்தும் கணக்கும் மடலும் பத்தாவியாவுக்கு வந்து, தொகுக்கப்பெற்று, ஐரோப்பாவுக்குச் செல்லும். சரக்கு ஓடிய வழியிலெல்லாம் செய்தியும் ஓடிற்று.

2. வாணிகச் சக்கரம்

கும்பினி வேண்டியது மிளகு, கிராம்பு, சாதிக்காய், சாதிபத்திரி ஆகிய நறுமணப் பொருள்கள். இவற்றுக்கு ஈடாக ஐரோப்பாவிலிருந்து கொடுக்கத்தக்க சரக்கு மிகுதியாக இல்லை. வெள்ளி ஒன்றே ஏற்கப்பட்டது. அவ்வெள்ளியை ஓயாது அனுப்பப் பங்குடையார் விரும்பவில்லை. மலுக்குத் தீவினரும் பண்டாத் தீவினரும் விரும்பியதோ துணி. அதிலும் தமிழகத்தும் ஆந்திரத்தும் நெய்து சாயமேற்றிய பருத்தித் துணி. இவ்வுண்மையைக் கும்பினி விரைவில் உணர்ந்தது. 1612இல் ஹென்றிக் பிரௌவர் என்னும் அதிகாரி சோழமண்டலக் கரையை மலுக்குத் தீவுகளின் இடக்கை என்றே குறித்தார். இக்கரைத் துணி இன்றேல் அத்தீவுகளின் வாணிகம் செத்துவிடும் என்பது அவர் துணிபு.

1619இல் கூன் தம் தலைவர்க்கு எழுதிய மடலில் இக்கருத்து ஒரு முழுத் திட்டமாக விரிந்தது. குசராத்துத் துணியைச் சுமத்திராவிற் கொடுத்து மிளகும் பொன்னும் வாங்கலாம். சோழமண்டலத் துணியைப் பாந்தத்தில் மிளகுக்கு மாற்றலாம். மிளகையும் சந்தனத்தையும் சீனப் பொருள்களுக்கு மாற்றலாம். சீனப் பொருள்களை ஜப்பானில் விற்று வெள்ளி பெறலாம். அவ்வெள்ளியால் மீண்டும் துணி வாங்கலாம். ஆசியாவின் ஒரு கரையிற் பெற்ற ஊதியமே மறுகரையின் முதலாக, ஐரோப்பாவுக்குச் செல்லும் நறுமணப் பொருள் ஏறத்தாழச் செலவின்றிக் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. நடைமுறையில் ஐரோப்பிய வெள்ளியும் தொடர்ந்து வேண்டியிருந்தது. ஆயினும் 17ஆம் நூற்றாண்டில் இச்சக்கரம் பெரும்பயன் விளைத்தது. பிற்காலத்தில் ஜப்பானியப் பொன் பழவேற்காட்டு அக்கசாலையில் வராகன்களாக உருமாறித் தமிழகத்து நெசவாளர்க்கு முன்பணமாயிற்று.

இச்சக்கரத்தின் ஓர் ஆரத்தை மட்டுமே ஒவ்வொரு நாடும் கண்டது. பண்டாத் தீவினர்க்குத் துணி எங்கு, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது தெரியாது. நெசவாளர்க்கு அத்துணி எவ்விலைக்கு விற்கப்பட்டது என்பது தெரியாது. சக்கரம் முழுவதையும் கண்டது கும்பினி ஒன்றே. அதன் வலிமைக்குக் கப்பலும் பீரங்கியும் காரணமாதல் உண்மை. அவற்றினும் பெரிய காரணம் இவ்வறிவே என்பது எம் துணிபு. ஆயினும் ஒரே சக்கரத்திற் கட்டுண்ட நாடுகள் ஒரே விதியை அடைந்தனவா என்னும் வினா எழுகின்றது. பண்டா, ஜப்பான், சோழமண்டலக் கரை என்னும் மூன்றினையும் ஒப்புநோக்கின் அதற்கு விடை கிடைக்கும்.

3. பண்டாத் தீவுகள்

இன்றைய இந்தோனேசியாவின் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு தீவுக் கூட்டம் பண்டா. அக்காலத்தில் சாதிக்காய் மரம் அங்கன்றி வேறெங்கும் வளர்ந்ததில்லை. அத்தீவினர்க்குப் பேரரசன் இல்லை. ஓராங்காயா எனப்பட்ட ஊர்ப் பெரியோரே தலைவர். உணவும் உடையும் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தமையால் சாவகர், மலாயர், அராபியர், போர்த்துக்கீசியர், ஆங்கிலேயர் எனப் பலரோடும் வாணிகம் செய்து அவர்கள் வாழ்ந்தனர். பலரோடு வாணிகம் செய்தலே அவர்தம் உயிர்நிலை.

கும்பினி கேட்டதோ, தனக்கன்றிப் பிறர்க்கு விற்கக் கூடாது என்னும் உறுதி. ஊர்ப் பெரியோர் சிலர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ஆயின் கும்பினி கொண்டுவந்த சரக்கு அவர்தம் தேவைக்குப் போதவில்லை. எனவே பிறர்க்கும் விற்றனர். கும்பினி இதனை உடன்படிக்கை மீறல் என்றது. 1621இல் கூன் பெரும்படையுடன் சென்று தீவுகளைக் கைப்பற்றினார். ஊர்ப் பெரியோர் 44 பேர், கும்பினி கூலிக்கு அமர்த்தியிருந்த ஜப்பானிய வீரரால் வெட்டுண்டனர். ஏறத்தாழ 15,000 எனக் கணிக்கப்படும் மக்களுள் தீவுகளில் எஞ்சியோர் ஆயிரவர் அளவினரே. பலர் மாண்டனர், பலர் பட்டினியால் இறந்தனர், சிலர் பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர், சிலர் வேற்றுத் தீவுகளுக்குத் தப்பினர்.

மக்கள் நீங்கிய நிலத்தைக் கும்பினி தோட்டங்களாகப் பகுத்துத் தன் பழைய ஊழியர்க்கு அளித்தது. பல நாடுகளினின்றும் அடிமைகளைக் கொணர்ந்து கொடுத்தது. தோட்டக்காரர் விளைவு முழுவதையும் கும்பினி குறித்த விலைக்கே கும்பினிக்கு விற்க வேண்டும். அரிசியையும் பிற தேவைகளையும் கும்பினியிடமே பெறவேண்டும்.

1610இல் கும்பினி தன் பங்குடையார்க்கு முதன்முறை ஊதியம் பகுத்தபோது பணத்திற்குப் பதிலாகச் சாதிபத்திரியும் மிளகும் கொடுத்தது. அச்சாதிபத்திரியைப் பெற்றவர் பண்டாவைக் கண்டவரல்லர். பதினோராண்டு கழித்து அங்கு நிகழவிருந்ததனை எண்ணிப் பார்த்தவரும் அல்லர். பங்கினைப் பெற்றவனுக்கும் அதன் விளைவைத் தாங்கியவனுக்கும் இடையே இத்துணைத் தொலைவை உண்டாக்கியது இவ்வமைப்பு. கொடியோரை எக்காலத்தும் காணலாம். கொடுமையின் பயனை அதனை அறியாத நல்லோரும் நுகருமாறு செய்தது இங்குக் கண்ட புதுமை.

மொழி பயில்வார்க்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. பண்டா மொழி இன்று பண்டாத் தீவுகளில் வழங்கவில்லை. தப்பியோடியவர் வழிவந்தோர் வாழும் கேய் தீவின் ஊர்களிலேயே அது பேசப்படுகின்றது. நிலத்தை இழந்த மொழி வேற்று நிலத்தில் உயிர் காத்துக்கொண்டது.

4. ஜப்பான்

அதே கும்பினி, அதே பதினேழ்வர், அதே காலம். ஜப்பானில் நிகழ்ந்ததோ முற்றிலும் வேறு.

1609இல் ஹிராதோ என்னும் ஊரில் கும்பினி பண்டகசாலை அமைத்தது. 1639இல் போர்த்துக்கீசியர் ஜப்பானினின்றும் நீக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு அரசின் அதிகாரி ஹிராதோவுக்கு வந்து, கும்பினி புதிதாகக் கட்டிய கல் பண்டகசாலையின் முகப்பில் கிறித்தவ ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது எனக் குற்றங்காட்டி அதனை இடிக்க ஆணையிட்டார். அங்குத் தலைவராயிருந்த பிரான்சுவா கரோன் மறுமொழி கூறாது உடனே இடிக்கத் தொடங்கினார். பண்டாவில் உடன்படிக்கை மீறல் என்று படைகொண்டு சென்ற கும்பினி, ஜப்பானில் தன் கட்டடத்தைத் தன் கையாலேயே இடித்தது.

1641 முதல் நாகசாக்கித் துறையில் மண்ணிட்டு உண்டாக்கிய தெசிமா என்னும் விசிறி வடிவச் சிறுதிட்டில் கும்பினியார் அடைக்கப்பட்டனர். தக்க இசைவின்றி அவர் பாலத்தைக் கடத்தல் இயலாது. கும்பினித் தலைவர் எடோ நகருக்குச் சென்று தலைமைத் தளபதியை வணங்கிக் காணிக்கை செலுத்தும் வழக்கம் நெடுங்காலம் ஆண்டுதோறும் நிகழ்ந்தது. 1668இல் அரசு ஒல்லாந்தர் வெள்ளி ஏற்றுமதி செய்தலைத் தடுத்தது. 1685இல் அவர்தம் வாணிகத்தின் ஆண்டளவுக்கு எல்லை கட்டியது. கும்பினி முணுமுணுத்தது, ஆயினும் பணிந்தது. வெள்ளி இல்லையாயின் பொன்னும் செம்பும் கொண்டது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் படைவலி மட்டுமன்று. ஜப்பானில் அனைத்து வாணிகத்துக்கும் வாயில் ஒன்றே. அவ்வாயிலின் திறவுகோல் அரசின் கையில் இருந்தது. சீன வணிகரும் நாகசாக்கிக்கு வந்தமையால் ஒல்லாந்தர் இன்றியும் அயற்பொருள் கிடைக்கும். மேலும், கும்பினியிடம் ஆண்டுதோறும் வெளியுலகச் செய்திகளை எழுத்தில் வாங்கியது ஜப்பானிய அரசு. கும்பினியின் பெருஞ்செல்வமாகிய செய்தியையே அது வரியாகப் பெற்றது. ஆயின் இதற்கு ஜப்பானிய மக்களும் விலை கொடுத்தனர். கடல் கடக்கும் உரிமையை அவர்கள் இழந்தனர். கிறித்தவர் கடுந்துன்பம் உற்றனர். வலிய அரசு அயலானை அடக்கிய கையாலேயே தன் குடிகளையும் அடக்கியது என்பதனை யாம் மறைத்தல் தகாது.

5. சோழமண்டலக் கரை

நம் கரையில் நிகழ்ந்தது இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. 1606இல் மசூலிப்பட்டினத்திலும், 1610இல் விசயநகர மன்னரின் கவுல் பெற்றுப் பழவேற்காட்டிலும் ஒல்லாந்தர் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் போர்த்துக்கீசியர் தாக்கிய பின் பழவேற்காட்டில் கெல்டிரியா என்னும் கோட்டை எழுந்தது. சதுரங்கப்பட்டினம், தேவனாம்பட்டினம், பறங்கிப்பேட்டை ஆகிய இடங்களிலும் கும்பினி வாணிகம் செய்தது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. அவ்வாண்டிலேயே தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் அதன் கைப்பட்டன. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரையின் தலைமையிடம் பழவேற்காட்டினின்றும் நாகைக்கு மாறியது.

துணி வாங்கும் முறை பின்வருமாறு அமைந்தது. பத்தாவியாவிலிருந்து வந்த பட்டியலைக் கும்பினியின் அதிகாரி உள்நாட்டுப் பெருவணிகரிடம் கொடுப்பார். பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சுதப்பச் செட்டி, சின்னண்ணச் செட்டி ஆகியோர் இப்பணியில் ஓங்கி நின்றனர். பெருவணிகர் சிறுவணிகர்க்கும், அவர் ஊர்தோறும் நெசவாளர்க்கும் முன்பணம் கொடுப்பர். நெய்த துணி அதே வழியில் மீளும். பண்டகசாலையில் நீளமும் அகலமும் இழையும் பார்த்து முதல்தரம், இரண்டாம்தரம் எனப் பகுப்பர், ஒவ்வாதன கழிக்கப்படும். கழிவின் இழப்பு மேலிருந்து கீழாக இறங்கி இறுதியில் பெரும்பாலும் தறியடியில் வந்து நிற்கும்.

1660களை ஒட்டிக் கும்பினி ஒரு புது முறையைப் புகுத்தியது. உள்நாட்டு வணிகர் தம்முட் போட்டியிடாது பங்கு முதல் வைத்துக் கூட்டாகி, அக்கூட்டே கும்பினிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. இக்கூட்டுகளைச் சின்னப்பா அரசரத்தினம் அவர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளார். தன் வடிவத்தையே சிறிதாக்கி நம் வணிகரிடையே கும்பினி நட்டது எனலாம். ஆயின் அக்கூட்டுக்குக் கும்பினியே வாங்குவோன்; கும்பினியே முன்பணம் தருவோன். வடிவம் ஒன்றாயினும் உரிமை ஒன்றன்று.

நெசவாளர் நிலையை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி அவர்கள், 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னாட்டு நெசவாளர் வலிமையிழந்தவராக இருந்திலர் எனக் காட்டியுள்ளார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து உடன்பாட்டை விடுக்க அவர்களால் இயன்றது. துன்பம் மிகின் ஊரோடு பெயர்ந்து வேற்று ஆட்சிப் பகுதிக்குச் செல்லவும் இயன்றது. ஒல்லாந்தர்க்கு விற்க விரும்பாதவர் ஆங்கிலேயர்க்கோ, தரங்கம்பாடியில் 1620இல் வந்தமர்ந்த தேனியர்க்கோ, பிரெஞ்சுக்காரர்க்கோ, ஆசிய வணிகர்க்கோ விற்றனர். வாங்குவோர் பலராயிருந்தமையே அவர்தம் அரணாயிற்று.

எனினும் இக்கரையின் கணக்கில் துணி மட்டும் இல்லை. பஞ்சமும் போரும் வந்தபோது மக்களே சரக்காயினர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாட்டில் பிசப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் குடிகள் நலிந்தபோது, ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக வாங்கப்பெற்று இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர். விற்றவருள் நம்மவரும் இருந்தனர். இக்கரையில் நெய்த ‘கினி’த் துணி ஐரோப்பா வழியே மேற்கு ஆப்பிரிக்கா சென்று அங்கும் அடிமைகளுக்கு ஈடாக மாறியது. தன் துணி எதற்கு விலையாயிற்று என்பதனைத் தறியில் இருந்தவர் அறிந்திருக்கமாட்டார். சக்கரத்தின் ஓர் ஆரம் மட்டுமே காணப்பட்டது என்று மேலே யாம் கூறியதன் பொருள் இதுவாகும்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலை மாறியது. ஆங்கிலக் கும்பினி ஏனையோரை வென்று நிலத்துக்கும் உரிமை பெற்றது. ஒல்லாந்தர் 1781இல் நாகையை அதனிடம் இழந்தனர். வாங்குவோனே வரி தண்டுவோனும் ஆனான். அவனே நீதி கூறுவோனும் ஆனான். தமக்கன்றிப் பிறர்க்கு நெய்யலாகாது என்று ஆணையிடவும், மீறியோரை ஒறுக்கவும் அவனால் இயன்றது. நெசவாளர் பெயர்ந்து செல்ல வேற்று ஆட்சி இல்லாதொழிந்தது. பண்டாவில் 1621இல் ஒரே ஆண்டில் நிகழ்ந்த வாங்குவோர் ஒருமை, நம் கரையில் வந்து சேர நூற்றைம்பதாண்டு ஆயிற்று.

6. தாய்நாடும் முடிவும்

கும்பினி பிறந்த நாட்டுக்கு அது நன்மையே செய்தது எனின் அதுவும் முழுமையன்று. ஆம்ஸ்டர்டாம் உலகச் சந்தையாயிற்று என்பதும், பங்கு வாணிகம் அங்கு வளர்ந்தது என்பதும் உண்மை. ஆயின் இயக்குநர் கணக்குக் காட்டுவதில்லை என்று பங்குடையார் 1622இல் துண்டு வெளியீடுகளால் முறையிட வேண்டியிருந்தது. கும்பினிக் கப்பல்களில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் சென்றோர் இரு நூற்றாண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சவர். மீண்டோர் பாதியினும் குறைவு. அவருள் செருமானியர் முதலிய வேற்று நாட்டு ஏழையரும் மிகப் பலர். ஊதியம் பங்குடையார்க்கும், கடலும் காய்ச்சலும் மாலுமிக்கும் ஆயின.

1780 முதல் 1784 வரை ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போர் கும்பினியை முறித்தது. 1799 டிசம்பர் 31ஆம் நாள் அதன் பட்டயம் முடிந்தபோது கடன் பத்துக்கோடி கில்டருக்கு மேற்பட்டிருந்தது. அக்கடனையும் ஆசிய உடைமைகளையும் நெதர்லாந்து அரசே ஏற்றது. வாணிகர் ஆண்ட நிலம் குடியேற்ற நாடாயிற்று. 1945இல் விடுதலை அறிவித்த இந்தோனேசியா, 1949இல் ஆட்சியுரிமை பெறும்போது குடியேற்ற அரசு பட்ட கடனில் 400 கோடி கில்டருக்கு மேற்பட்ட தொகையை ஏற்க வேண்டியதாயிற்று. ஆளப்பட்டோர் தம்மை ஆண்ட அரசின் கடனையும் சுமந்தனர்.

முடிவுரை

மூன்று நாடுகளின் வரலாற்றையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. கும்பினி தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று என்று கூறி அமைதல் எளிது. அவ்வாறு கூறல் பண்டாவில் மாண்டவர்க்கு இழைக்கும் பிழையாகும். அது தன் ஊதியத்தை நாடியது; தடை இல்லாவிடத்து எதனையும் செய்தது; தடை உள்ளவிடத்துப் பணிந்தது. எனவே விளைவின் வேற்றுமைக்குக் காரணத்தைக் கும்பினியினும் அந்நாடுகளின் நிலையிலேயே மிகுதியும் காண்கின்றோம். ஒரே பொருளை நம்பிய பண்டா, பிற வாங்குவோரை இழந்ததும் அழிந்தது. பல வாங்குவோரைக் கொண்ட சோழமண்டலம் அவர் பலராயிருந்த துணையும் நிமிர்ந்து நின்றது. வாயிலையும் செய்தியையும் தன் கையில் வைத்த ஜப்பான் கும்பினியை அடக்கியது. இக்காலப் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் கோட்டையும் படையும் இல்லை. எனினும் முதல் ஓரிடத்தும், ஆணை வேறோரிடத்தும், உழைப்பு மற்றோரிடத்தும், வரி செலுத்தும் இடம் பிறிதோரிடத்தும் ஆகப் பிரிந்து நிற்கும் அமைப்பு அன்றுபோலவே உள்ளது. முழுமையைக் காண்பவனுக்கும் பகுதியைக் காண்பவனுக்கும் இடையே நிகழும் பேரம் ஒப்பப் பேரம் ஆகாது.

இறுதியாகத் தமிழாய்வாளர் முன் ஒன்றை வைக்க விழைகின்றோம். கும்பினி விட்டுச்சென்ற சொற்களுள் இரண்டு குறிக்கத்தக்கன. ஈழத்தமிழில் அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ ஒல்லாந்தச் சொல். சிறுகாசைக் குறிக்கும் ‘துட்டு’ என்பதும் அம்மொழிச் சொல்லே என்று அறிஞர் பலர் கருதுவர். அலுவலகமும் சிறுகாசும் நம் நாவில் எஞ்சின. எஞ்சாதது அறிவு. அக்கும்பினியின் ஆவணங்கள் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள். தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப்டவுன் ஆகிய நகரங்களிலும், நம் சென்னை ஆவணக் காப்பகத்திலும் அவை உள்ளன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. எந்த ஊரில் எத்தனை தறி, எந்தத் துணிக்கு என்ன விலை, எந்த ஆண்டில் எவ்வூரார் பெயர்ந்தனர் என்பன போன்ற செய்திகளை அவற்றில் தேடலாம். நம் இலக்கியங்கள் சொல்லாது விடுத்த நம் குடிகளின் வரலாறு வேற்று மொழியில், வேற்றார் கணக்கேட்டில் கிடக்கின்றது. தமிழும் வரலாறும் பயிலும் இளைஞருள் சிலரேனும் பழைய ஒல்லாந்த மொழியையும் அதன் கையெழுத்தையும் கற்றல் வேண்டும். நெசவாளர் காணாத சக்கரத்தை, முந்நூறு ஆண்டு கழிந்தேனும், அவர் வழிவந்தோர் முழுமையாகக் காணட்டும்.